அக்கா கொட்டகையின் விளக்குப் பெட்டி

சபெங்கின் வலது கை ஆள்காட்டி விரலில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. பத்தொன்பது வருடமாகச் சால்டரிங் கம்பியின் சூட்டில் நுனி வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. டோர்மா ஊரில் அந்த விரலுக்கு ஒரு பெயர் உண்டு. செத்த இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "மாஸ்டர், விரலை வச்சுப் பாருங்க" என்றுதான் கேட்பார்கள்.

கரண்ட் போகாத நாள் அந்த ஊரில் அபூர்வம். அதனால் வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் செத்தால் லாரி நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சபெங்கின் நீலத் தகரக் கடை. உள்ளே கறுப்பாக மூன்று கால்களோடு வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட் என்ற சுவிட்சுகளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதிப்பான். ஒரு பழைய கார் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான் சோதனைச் சாமான். இடது கை விரல் பேட்டரியின் பிளஸ் முனையில் இருக்கும். வலது கை விரலால் மாஸ்ஃபெட்டைத் திறக்க ஆணை வாங்கும் கேட் காலைத் தொடுவான். பல்பு பளிச்சென்று எரிந்தால் அது உயிரோடு இருக்கிறது, பால் டப்பாவுக்குள் போகும். எரியாவிட்டால் தெருவுக்குப் போகும்.

பக்கத்தில் கென்கே என்ற சோளமாவு உருண்டை விற்கும் நியார்க்கோவா இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவள்.

"மாஸ்டர், அந்த விரலைக் கொண்டாந்து எம் புருஷன் நெஞ்சுல வச்சுப் பாரேன். காலையிலேர்ந்து அசையல. இருக்கானா போனானான்னு தெரியல."

"உம் புருஷனுக்குப் பன்னெண்டு வோல்ட் பத்தாதும்மா. போஸ்ட்லேர்ந்து நேரா குடுக்கணும்."

ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் முதுகிலும் ஓர் எண் அச்சடித்திருக்கும். அந்த எண்ணைப் போனில் தட்டினால், அது எவ்வளவு தாங்கும், கேட்டுக்கு எத்தனை வோல்ட் கொடுத்தால் முழுசாகத் திறக்கும் என்று பக்கம் பக்கமாக வரும். சபெங் தட்டியதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தட்டாதது அதனால் மட்டுமல்ல. இன்வெர்ட்டருக்குள் கேட்டுக்கு எப்போதும் பன்னிரண்டு வோல்ட்தான். கதவைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் அது திறக்குமா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அவனுடைய அக்கா தச்சிவா ஊருக்கு வெளியே, பெரெகும் சாலைக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்த்தாள். டோர்மாவில் கோழி வளர்க்காத குடும்பம் குறைவு. எத்தனையோ பேர் வைத்து, எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள். தச்சிவா ஒருமுறை விட்டவள். இரண்டு வருடத்துக்கு முன் மாலை ஏழரைக்குக் கரண்ட் படக்கென்று போனது. திடீரென்று இருட்டினால் கோழிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் சாகும். அன்று அறுபது போயிற்று. மிச்சத்தை நோய் தின்றது. எதுவுமில்லாமல் ஒன்றரை வருடம் மற்றவர்கள் கொட்டகையில் முட்டை துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் இந்த அறுநூற்று நாற்பது. குஞ்சாக வந்தவை, இப்போது பதினெட்டு வாரம். முதல் முட்டைகள் கோலிக்குண்டுபோலச் சிறுசாக வரத் தொடங்கியிருந்தன. இது போனால் மூன்றாவது முறை கிடையாது என்பதை அவளும் சொன்னதில்லை, சபெங்கும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, ஃபுஃபு களி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"டேய், முட்டை விழணும்னா சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கூடுதலா வெளிச்சம் வேணும். கரண்ட்டை நம்ப மாட்டேன். சோலார் பேட்டரியில போடு. ஆனா படக்குன்னு அணையக் கூடாது. பொழுது சாயற மாதிரி சாயணும். அதுங்க கட்டையில ஏறி உட்கார்ந்த பெறகுதான் இருட்டணும். ஒன்னால முடியுமா, இல்ல குமாசி டவுன்ல ஆள் பாக்கட்டுமா?"

"அக்கா, குமாசிக்காரன் எங்கிட்ட வந்து கத்துக்கிட்டுப் போவான்."

அவன் சொன்னது முழுப் பொய் இல்லை. வழி அவனுக்குத் தெரியும். எல்இடி விளக்கை மங்கவைக்கக் கரண்ட்டைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு நொடிக்கு ஆயிரம் தடவை போட்டுப் போட்டு அணைத்தால் போதும். அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டக் கூட்டக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். அவ்வளவு வேகமாகப் போட்டு அணைக்கிற சுவிட்ச்தான் மாஸ்ஃபெட். அது அவன் டப்பாவில் நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. அதற்கு ஆணை கொடுக்க ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வேண்டும். குமாசிக் கடையில் பழைய ஐந்து வோல்ட் போர்டு தீர்ந்துவிட்டிருந்தது. நேரத்தைத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும் புது போர்டைக் கொடுத்தார்கள், விலையும் குறைவு. அதன் காலில் வருவது மூன்று வோல்ட்டும் கொஞ்சமும்.

'அஞ்சுக்கும் மூணுக்கும் என்ன பெரிய வித்தியாசம்' என்று நினைத்தான். டப்பாவிலிருந்து நல்ல மாஸ்ஃபெட் ஒன்றைப் பொறுக்கி விரலை வைத்தான். பல்பு பளிச். போர்டோடு சேர்த்து ஒரே ஒரு விளக்குப் பட்டையை மாட்டினான். எரிந்தது. மெல்ல மங்கியது. நியார்க்கோவா கென்கேயை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள்.

"யேசுவே! சூரியனையே தகரப் பெட்டிக்குள்ள அடைச்சுட்டியே மாஸ்டர்."

கொட்டகையில் பன்னிரண்டு பட்டைகள். முதல் நாள் மாலை எல்லாம் எரிந்தபோது வெளிச்சம் கொஞ்சம் சோகையாகத்தான் இருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. மங்கவைக்கத்தானே பெட்டி செய்தது? மங்கலாக எரியும் பெட்டியைப் பார்த்து, அது சரியாகத் திறக்காத கதவு என்று யாருக்குத் தோன்றும்? எட்டு மணிக்கு வெளிச்சம் சாய ஆரம்பித்தது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கட்டையில் ஏறின. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டன. இருட்டியபோது ஒரு சத்தமில்லை. தச்சிவா தம்பியின் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படித் தொட்டதே இல்லை.

நான்காம் நாள் சொன்னாள்: "பெட்டி சுடுதுடா."

"இன்வெர்ட்டர் சுடாமயா இருக்கு? இந்த ஜாதியே சுடத்தான் செய்யும்." பழைய அலுமினியச் சட்டியின் அடியை வெட்டி, சூடு இறங்க மாஸ்ஃபெட்டின் முதுகில் திருகினான்.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். வெளிச்சம் பத்தவில்லை, மூலையில் தீனித் தொட்டி தெரியாமல் கோழிகள் தின்னாமல் நிற்கின்றன என்றாள். சபெங் வந்து இன்னும் நான்கு பட்டைகள் சேர்த்தான். போர்டில் அளவை முழுசுக்கு ஏற்றினான். சோகை கொஞ்சம் விட்டதுபோல இருந்தது.

சனிக்கிழமை சாவுச் சடங்கு நாள். சனிக்கிழமையன்று டோர்மாவில் எந்தக் கடையும் பாதிதான் திறந்திருக்கும். ஊரே கறுப்பும் சிவப்பும் உடுத்தி எங்காவது ஒரு பந்தலின் கீழ் உட்கார்ந்திருக்கும். அன்று லாரிக்காரர் ஒருவருடைய அம்மாவின் சாவு. ஒலிபெருக்கிக்கான இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்ள சபெங்கை நிறுத்தியிருந்தார்கள். பேச்சைவிட்டு ஆட்டம் தொடங்கி, ஆளுயர ஒலிபெருக்கிகள் நான்கும் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்த ஏழரை மணிக்குப் போன் அதிர்ந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தான்.

"டேய், வெளிச்சம்... கண்ணைப் பறிக்குதுடா! இப்படி எரிஞ்சதே இல்ல. ஒண்ணை ஒண்ணு கொத்துது, ரத்தம் வருது. பெட்டியில நாத்தம் அடிக்குது."

"என்னக்கா? கேக்கல!"

"பெட்டி! தீயற நாத்தம்!"

"தொட்டுப் பாரு! சுடுதா?"

"கை வைக்க முடியல!"

மரச் சட்டங்கள், கீழே முழுக்க மரத்தூள், மேலே பனையோலை. சபெங்குக்கு நெருப்பு ஒன்றுதான் கண்ணில் வந்தது.

"வயரைப் பிடுங்கு!"

"பிடுங்கினா இருட்டிடுமே?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரியும். அந்த ஒன்றைத் தடுக்கத்தான் பெட்டியே செய்தான். யாரோ அவன் தோளைப் பிடித்து ஆட்டத்துக்கு இழுத்தார்கள், உதறினான்.

"பிடுங்குக்கா! பேட்டரி வயரைப் பிடுங்கு!"

அவள் பிடுங்கினாள். தம்பி சொன்னான், பிடுங்கினாள்.

வாடகை மோட்டார்சைக்கிளில் அவன் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. தச்சிவா போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அந்த ஒற்றை வெளிச்சம் அசைய அசைய மிச்சம் நின்ற கோழிகளும் மிரண்டு மூலைக்கே ஓடியிருக்கின்றன. அவன் போனபோது அவள் மூலையில் முழங்காலிட்டு, மேலே கிடந்தவற்றை இரண்டு கையாலும் எடுத்துப் பின்னால் எறிந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் உயிரோடு விழுந்தன. கொஞ்சம் தொப்பென்று விழுந்தன. அவனும் முழங்காலிட்டான். அடி வரைக்கும் போக இருவருக்கும் வெகுநேரம் பிடித்தது. அடியில் கிடந்தவற்றில் ஒரு காயமில்லை. வெதுவெதுப்பாக, இறகு கலையாமல் இருந்தன.

முந்நூற்றுப் பதினொன்று.

ஞாயிறு காலை சந்தைக்காரி ஒருத்தி கூடையோடு வந்துவிட்டாள். இந்தச் செய்திக்கு மட்டும் டோர்மாவில் போன் தேவையில்லை.

"நோய்ல சாகலையே அக்கா, மூச்சுமுட்டித்தானே? கெட்டுப்போகல இன்னும். பொசுக்கி வறுத்தா யாருக்குத் தெரியப்போகுது, குடுத்துடு."

"போயிடு" என்றாள் தச்சிவா. குரல் உயரவில்லை. "இதுங்கள நான் குஞ்சுலேர்ந்து வளர்த்தேன். போயிடு."

குழி தோண்டுவதை அவள் சபெங்கிடம் விடவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அவன் ஓரமாக நின்றான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். திங்கட்கிழமை முழுக்க ஒரு வேலையும் எடுக்கவில்லை. அதே டப்பாவிலிருந்து அதே ரக மாஸ்ஃபெட் ஒன்றைப் பொறுக்கினான். விரலை வைத்தான், பல்பு பளிச். பிறகு விரலுக்குப் பதில் போர்டின் காலிலிருந்து வயரை வைத்தான். பல்பு சிவப்பாக, தூங்கி வழிந்துகொண்டு எரிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தான். பேட்டரியின் பன்னிரண்டில் பாதிக்கு மேல் பல்புக்குப் போகவே இல்லை, மாஸ்ஃபெட்டே தின்றுகொண்டிருந்தது. தின்றதெல்லாம் சூடு. பாதி திறந்த கதவில் ஊரே இடித்துக்கொண்டு நுழைந்தால் கதவு என்னாகும்? பத்து நாள் வெந்து, சனிக்கிழமை உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதால்தான் அணைக்கவே முடியாமல், அந்த விளக்குகள் அன்றைக்கு முதன்முறையாக முழுசாக எரிந்தன.

விரல் பொய் சொல்லவில்லை. அவன் ஒரு விரலைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு மறுவிரலால் தொட்டான். அவன் உடம்பு வழியாக கேட்டுக்குப் போனது எப்போதும் பன்னிரண்டு. பத்தொன்பது வருடமும் பன்னிரண்டு. மூன்றுக்குத் திறக்குமா என்று அந்த விரல் கேட்டதே இல்லை.

நியார்க்கோவா இலையில் கென்கேயும் மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். வேடிக்கை ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்ன கோளாறு மாஸ்டர்? கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"சரி பண்ண முடியுமா?"

அவன் காலடியில் குனிந்து, தெருவுக்குத் தள்ளவிருந்த குப்பையைக் கிளறினான். கடுகுபோல ஒரு சின்ன டிரான்சிஸ்டர். செத்த இன்வெர்ட்டர் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இருக்கும். மதிப்பில்லை என்று கூட்டித் தள்ளிவிடுவான். போர்டின் மூன்று வோல்ட் இதைத் தூண்டினால் போதும். இதுவும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்து மாஸ்ஃபெட்டுக்கு முழுப் பன்னிரண்டையும் கொடுத்துவிடும். போடு என்றால் அணைக்கும்படி ஆணை தலைகீழாகும், போர்டில் அதைத் திருப்பிவிட்டால் ஆயிற்று. அரை மணி நேர வேலை.

"இதான் இல்லாம போச்சு" என்றான். நியார்க்கோவா அவன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவு சிறுசு.

மிஞ்சிய கோழிகள் அந்த மிரட்சியில் முட்டையை நிறுத்திவிட்டன. கொத்துப்பட்டவை ஒவ்வொன்றாகச் செத்தன. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள் தச்சிவா. தீனி போடப் போடத் தின்றனவே தவிர, ஒரு முட்டை இல்லை. ஒரு புதன்கிழமை வண்டி வந்து மொத்தத்தையும் கறிக்கு ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் போன் செய்தாள்.

"விளக்கெல்லாம் வந்து கழட்டிட்டுப் போ. கொட்டகையப் பக்கத்து ஆளுக்கு விடப்போறேன். அவன் சோளம் கொட்டிக்குவானாம்."

"சரிக்கா."

மாலை ஆறரைக்குப் போனான். கையில் திருப்புளி, ஏணி. பைக்குள் புதுசாகச் செய்த பெட்டி. எதற்கு எடுத்து வந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கழற்றுவதற்கு முன் அதை மாட்டினான். பதினாறு பட்டைகளும் பளீரென்று எரிந்தன. புறங்கையை மாஸ்ஃபெட்டின் முதுகில் வைத்தான். குளிர்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் சாயும்படி வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்தான்.

வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. எந்த இடத்தில் குறைந்தது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. மரத்தூள் மஞ்சளானது, பிறகு பழுப்பானது. கட்டைகள் வரிசையாகக் காலியாக நின்றன. வாசலில் தச்சிவா வந்து நிற்பதை அவன் பார்த்தான். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கடைசி வரைக்கும் நின்றாள். முழுசாக இருட்டியதும் அவள் குரல் மட்டும் வந்தது.

"இப்ப சரியா இருக்குடா."

இருட்டில் தடவி அவன் திருப்புளியை எடுத்தான்.

"கழட்டிட்டு வீட்டுக்கு வா. சூப் வச்சிருக்கேன்."

அவள் காலடிச் சத்தம் போய்விட்டது. கழற்ற வெளிச்சம் வேண்டும். பெட்டியைத் தொட்டால் விளக்கு மறுபடி எரியும். சபெங் திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.