ஜெயித்தவருக்கு மார்க் குறைத்த கம்பெனி

கஸ்டமர் கேர் என்பது, தப்பு செய்தவர் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்க, செய்யாதவர் போனை எடுத்து மன்னிப்புக் கேட்கிற தொழில். நீங்களும் ஹெட்போன் மாட்டி வயிறு வளர்த்தவராக இருந்தால் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பேங்க், ஃபிரிட்ஜ், பிராட்பேண்ட் என்று எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கி முடித்துவிட்டு, கடைசியில் நான் போய்ச் சேர்ந்தது டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு ரேட்டிங் போடும் ஒரு கம்பெனியில். பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி.

டென்னிஸுக்கு ஏற்கெனவே உலகத் தரவரிசை என்று ஒன்று இருக்கிறது. போட்டியில் எத்தனை சுற்று ஜெயிக்கிறீர்களோ அதற்கேற்ற பாயின்ட். ஒரு வருடத்துப் பாயின்டைக் கூட்டினால் ரேங்க். யாருக்கும் புரியும். புரிகிறது என்பதுதான் அதில் குறை என்பார் எங்கள் முதலாளி பிரசாந்த். எங்கள் ரேட்டிங் வேறு மாதிரி. யாரை ஜெயித்தாய், எத்தனை கேம் வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்று சாஃப்ட்வேர் துருவிப் பார்த்து ஒரு நம்பர் கொடுக்கும். பிரசாந்த் வாழ்நாளில் ராக்கெட்டைத் தொட்டதில்லை. நானும்தான். ஆனால் நான் யாருக்கும் மார்க் போடக் கிளம்பவில்லை.

ஜெயித்ததற்குத் தண்டனை

சேர்ந்த முதல் வாரமே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போன் செய்தார். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கிற தொழில்முறை ஆட்டக்காரர். கொளுத்தும் வெயிலில் மூன்று மணி நேரம் ஆடி, இரண்டு செட்டையும் டைபிரேக்கரில் ஜெயித்திருக்கிறார். மறுநாள் காலையில் பார்த்தால் எங்கள் ரேட்டிங்கில் இறங்கியிருக்கிறார்.

என்னிடம் கொடுத்திருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். "சார், உங்களோட ஆடினவர் உங்களைவிட ரொம்பக் கீழ இருக்கறவர். அவரை நீங்க ஆறு-ரெண்டு, ஆறு-ரெண்டுன்னு அடிச்சிருக்கணும். கஷ்டப்பட்டு ஜெயிச்சதால நம்பர் குறைஞ்சிருக்கு." கோபத்தில் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படியொரு அதிர்ஷ்டம் நமக்கு எப்போது வாய்த்திருக்கிறது? மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க மேடம், அடுத்த மேட்ச்சுல தோத்துப்போட்டுக் கூப்புடறனுங்க, அப்ப ஏறியிருக்குமுங்களா?"

சும்மா இருந்தால் சுகம்

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அருளப்பன் என்பவர் நேரிலேயே வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகளுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். எட்டு மாதமாக ஆடவில்லை. உலகத் தரவரிசையில் மளமளவென்று இறங்கிவிட்டாள். எங்கள் ரேட்டிங்கில் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள். ஆடினால்தான் எங்கள் நம்பர் அசையும். அவளுக்கு ராக்கெட் கொடுக்கிற ஸ்பான்சரோ இப்போது எங்கள் நம்பரைத்தான் பார்க்கிறாராம்.

"இப்ப மறுபடி ஆட வந்து, முதல் நாலு மேட்ச் தோத்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். இறங்கும் என்றேன். "அப்ப வீட்லயே இருக்கட்டும். டிவி பாக்கட்டும். நம்பர் பத்திரமா இருக்கும்ல?" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கோபமாகவே பிரசாந்திடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, கன்னடம் கலந்து சொன்னார்: "நோடி, பாருங்க மேடம், நம்ம நம்பர் மேல அவருக்கு எஷ்டு நம்பிக்கை!"

இனிஷியல்

பெங்களூரில் பெண்களுக்கான போட்டி ஒன்று வந்தது. அதில் ஒரு வைல்ட் கார்டு, அதாவது தகுதிச் சுற்று ஆடாமல் நேரே உள்ளே போகிற இடம், எங்கள் ரேட்டிங்கில் முதலில் இருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கு என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். பிரசாந்த் ஆபீஸுக்கே மைசூர்பாக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து கே. ரேவதி தோளில் பெரிய பையோடு வந்து நின்றாள். இருபத்தைந்து வயது. உலகத் தரவரிசைப்படி உள்ளூரில் அவள்தான் முதல். எங்களிடம் நான்காவது. அவள் ஆடிய மேட்ச்சுகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். குண்டூரில் பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஐந்து தோல்வி. "அக்கா, நான் குண்டூருக்குப் போனதே இல்ல," என்றாள். அங்கே இன்னொரு கே. ரேவதி இருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பெண். எங்கள் சாஃப்ட்வேர் கே என்பதைக் குடும்பப் பெயர் என்று எண்ணி இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது. எங்கள் ஆபீஸில் பதினோரு இன்ஜினியர்கள். ஏழு பேருக்கு இனிஷியல் உண்டு. ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரசாந்திடம் ஓடினேன். லிஸ்ட் போய்விட்டது, இப்போது மாற்றினால் நம்மை யார் நம்புவார்கள், அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் பார்க்கலாம் என்றார். அடுத்த அப்டேட், போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்து. வெளியே ரேவதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சீட்டில் உட்கார்ந்து, இருவருடைய பிறந்த தேதியையும் மேட்ச் பட்டியலையும் சேர்த்து, என் பெயரிலேயே அமைப்பாளர்களுக்கு மெயில் அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. வைல்ட் கார்டை வேறு பெண்ணுக்கு அறிவித்தாகிவிட்டது; வேண்டுமானால் ரேவதி தகுதிச் சுற்றில் ஆடலாம்.

ஆடினாள். மூன்று மேட்ச்சும் ஜெயித்து உள்ளே போனாள். முதல் சுற்றில் மூன்று செட் போராடித் தோற்றாள். அதற்குள் மெயில் விஷயம் பிரசாந்துக்குத் தெரிந்து, "இது உங்க டிபார்ட்மென்டா மேடம்?" என்று கத்தினார். இல்லை என்று ஒப்புக்கொண்டு ராஜினாமா எழுதினேன். கிளம்புகிற நாளில் ரேவதியிடமிருந்து போன். மூன்று மேட்ச் ஜெயித்தும் ரேட்டிங் இன்னும் இறங்கியிருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "குண்டூர்ப் பொண்ணு இந்த வாரமும் தோத்துட்டா போலக்கா, அவ போன் நம்பர் இருந்தா குடுங்க, கொஞ்சம் பேக்ஹேண்ட் சொல்லிக்குடுக்கறேன்."

ஆளைப் பார்க்காமலே ஆளுக்கு மார்க் போடுவதை நான் குடியிருக்கும் மர்பி டவுன் தெருவே சும்மா உட்கார்ந்து செய்துகொண்டிருக்க, அதற்குப் பதினோரு இன்ஜினியர் எதற்கு என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.