சாவிக்காரன் நச்சத்தர்

என் அண்ணன் நச்சத்தர் சிங்குக்கு எங்கள் ஊரில் பட்டப்பெயர் சாவிக்காரன். கோட் ஜண்டேயில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள், சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவன் அவன். தண்ணீர் குடிக்க இறங்கினாலும் எஞ்சினை அணைத்து, சாவியை உருவித் தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொள்வான். பின்னால் மண்ணைக் கொத்திப் புரட்டுகிற ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். அதில் சுற்றுகிற கத்திகள் சுத்தமாக நின்றுவிட்டனவா என்று எட்டடி தள்ளி நின்று பார்ப்பான். சட்டைக் கையை மணிக்கட்டில் நூல் போட்டுக் கட்டிக்கொள்வான். மட்கார்டில் ஒரு குருவியைக்கூட உட்காரவிட மாட்டான். பாட்டுப்பெட்டியும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாட்டு இல்லாமல் டிராக்டர் போனால் ஏதோ இழவு வீட்டு வண்டி என்பார்கள்.

நானும் அப்படிச் சொல்லிக் கேலி பண்ணியவள்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இத்தனைக்கும் அவன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வயதில் அவனும் ஊரே அதிரப் பாட்டு வைத்து ஓட்டியவன். அந்த வருஷம் நெல் அறுத்த நிலம் காய்ந்து இறுகிக் கிடந்தது, கத்தி மண்ணில் இறங்கவில்லை. எல்லோரும் செய்கிற மாதிரி, பாரத்துக்காக ரோட்டவேட்டர் மேல் ஒரு ஆளை ஏற்றி நிற்கவைத்தான். ஏறியவன் அவனுடைய கூட்டாளி மிட்டு. கால் எப்போது நழுவியது என்று யாருக்கும் தெரியாது. மிட்டு கத்தியிருப்பான், பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. வாய்க்கால் மேட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் துப்பட்டாவை வீசிக்கொண்டே ஓடிவந்த பிறகுதான் அண்ணன் திரும்பிப் பார்த்தான். மிட்டு உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் பாட்டுப்பெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான். பத்தொன்பது வருஷமாகிறது. இன்றைக்கும் டிராக்டரில் ஏறும்போது அவனுக்கு முழங்கால் நடுங்கும். நடுங்கிக்கொண்டேதான் ஏறுவான், அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

என் வீட்டுக்காரர் ரேஷம் சிங்குக்கு இந்த நடுக்கத்தைக் கண்டாலே ஆகாது. ஃபரீத்கோட் பக்கத்து ஆள், ஆறடி, மீசையைத் தடவிக்கொண்டே பேசுவார். எங்கள் ஊர்களில் வீட்டு மாப்பிள்ளைக்கு முடியாது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதன் பலனை அனுபவிப்பது கட்டிக்கொடுத்த பெண். ஒருமுறை அண்ணன் அவரை மட்கார்டில் ஏற்றாமல் நடக்கவிட்டான். அதற்கு ஆறு மாதம் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார் இந்த மனுஷன். அந்த ஆறு மாதத்தில்தான் எங்கள் அம்மா படுக்கையில் விழுந்தாள். அதனால் இந்தக் கார்த்திகையில் ஊருக்கு வந்தபோதே அண்ணனிடம் சொல்லிவைத்தேன், அவர் என்ன கேட்டாலும் தலையாட்டிவிடு என்று.

கோதுமை விதைக்கிற நேரம். அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த வயலில் நெல் அறுத்த வைக்கோல் முழங்கால் உயரம் கிடந்தது. நான் டீ கொண்டுபோனேன், அவரும் கூட வந்தார், கையில் ஒரு பாட்டு டப்பா. வந்ததும் தான் ஓட்டப்போவதாகச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் இறங்கினான், எப்போதும்போல சாவியை உருவியபடி. பிறகு அதை அவர் கையில் கொடுத்தான். அப்போது அவன் முகம் போன போக்கை நான் கவனிக்காத மாதிரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு சுற்று நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது சுற்றில் வைக்கோல் கத்திகளில் கயிறாகச் சுற்றி இறுகிக்கொண்டது. அவர் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோலை யார் எடுப்பது என்ற பேச்சே எழவில்லை. மாப்பிள்ளை மண்ணில் கை வைக்க மாட்டார், அது வீட்டு ஆள் வேலை.

அண்ணன் இரண்டு மரக்கட்டையைக் கொண்டுவந்து ரோட்டவேட்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். பிறகு முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"மாப்பிள்ளை, வண்டிய அணைச்சிட்டு சாவியக் குடுங்க."

"எதுக்கு மச்சான்? கத்திதான் நின்னுடுச்சே. நான் இங்கதான உக்காந்திருக்கேன்."

"இருக்கட்டும். குடுங்க."

"அப்ப என்மேல நம்பிக்கை இல்ல. அப்படித்தானே?"

நீட்டிய கை நடுங்கியது. அவர் அதையே பார்த்துச் சிரித்தார். ஊர்க்காரன் சும்மாவா பேர் வச்சிருக்கான் என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பினான். "எனக்குப் பயமா இருக்கு, ஷிந்தோ" என்றான். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, என் புருஷன் முன்னால் என்னிடம் இப்படிச் சொல்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ரெண்டு பிடி வைக்கோல்தானே அண்ணே. கைய விட்டு இழுத்துப் போடு. இன்னொரு ஆறு மாசம் நான் அங்க கெடந்து சாகணுமா?"

சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

அவன் பின்னால் போய் மண்டியிட்டான். வரப்பில் கிடந்த ஒரு கருவேலங்கழியை எடுத்து முதலில் அதை உள்ளே விட்டு வைக்கோலை நெம்பினான். கொஞ்சம் இளகியது. இடது கையில் கழி, வலது கையை மெதுவாக உள்ளே கொண்டுபோனான். அவன் முதுகு நனைந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் பாட்டை மாற்ற ஒருபக்கமாகச் சாய்ந்தார்.

அவர் வண்டியின் கியரைத்தான் எடுத்திருந்தார், கத்தியைச் சுற்றவிடுகிற லீவரை எடுக்கவே இல்லை. இத்தனை நேரமும் கிளட்சை மிதித்துத்தான் கத்தியை நிறுத்திவைத்திருந்தார். சாய்ந்ததும் கால் வழுக்கியது.

கத்தி முதலில் கழியில் மாட்டி, அது முறிகிற சத்தம் கேட்டது. ஒரு துண்டு என் காதை ஒட்டிப் பறந்தது. அண்ணன் மண்ணில் குப்புறக் கிடந்தான், வலது கை வயிற்றுக்கு அடியில் இருந்தது. கத்தி அவன் தலைக்கு ஒரு முழம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு கிளட்சை மிதித்தார், எஞ்சினை அணைத்தார். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

நான் ஊர்ந்துபோய் அண்ணனின் தோளைப் பிடித்தேன். திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவனே புரண்டு கையை வெளியே எடுத்தான். மணிக்கட்டு நூல் அறுந்து சட்டைக் கை கிழிந்து தொங்கியது. விரல்களை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. மறுபடியும் எண்ணினேன்.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். உதடு வெளுத்திருந்தது. லீவரை எடுத்துவிட்டதாக நினைத்தேன், எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சாவியை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை.

"அவகிட்ட குடுங்க" என்றான்.

எனக்குப் புரியவில்லை. கையை விடு என்று சொன்னவள் நான். என்னிடமா?

"இப்பதான் அவளுக்குப் பயம் வந்திருக்கு. அவ வச்சிருக்கட்டும்" என்றான். பிறகு என்னிடம், "நான் எந்திரிச்சு வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காத" என்றான்.

டிராக்டரில் ஏறி லீவரைத் தானே விடுவித்தான். கத்திகள் அசையவில்லை என்று எட்டடி தள்ளி நின்று பார்த்தான். மறுபடியும் போய் மண்டியிட்டான். வைக்கோலை முழுக்க எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார், பாட்டு டப்பாவை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் அணைத்தேன், ஒரு கையால். மறு கையில் சாவி இருந்தது.

கடைசிப் பிடியை எறிந்துவிட்டு அண்ணன் என் முன்னால் வந்து கையை நீட்டினான். கொடுக்கத்தான் பார்த்தேன். என் விரல்கள் விரியவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டான்.