எப்போது வேண்டுமானாலும்... கடை நேரம் தவிர!

போன வியாழக்கிழமை காலை, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க நின்றுகொண்டிருந்தேன். நான் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த பெண் நிற்கவில்லை. போனில் கண்ணை வைத்தபடி, தன் வீட்டு ஹாலில் நடப்பது மாதிரி நேராக ரோட்டில் இறங்கி நடந்தார்.

பஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. துப்பட்டாவோ, ஹேண்ட்பேகோ... கைக்கு எது கிடைத்ததோ அதைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழாத குறை. பஸ் டிரைவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அதை இங்கே அச்சில் போட மாட்டார்கள்.

உயிரைக் காப்பாற்றினால் நன்றி சொல்வார்கள் என்றுதானே நினைப்போம்? அந்தப் பெண் சொன்னது இது:

“ஐயோ... இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! கட்டாயிடுச்சு பாருங்க!”

குரல் தெரிந்த குரலாக இருந்தது. முகத்தைப் பார்த்தால் — மலர்! அங்கே பக்கத்தில் இருக்கும் பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில் போன மாதம் எனக்கு மிக்ஸி விற்றவர். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார்.

மலர் பரபரவென்று போனை மறுபடி தட்டினார். ஏதோ பயிற்சி வீடியோ, முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தது. தேனில் குழைத்த ஒரு குரல், நடுரோட்டில், சத்தமாகச் சொன்னது: “அன்பான பணியாளரே, வணக்கம். சாலையைக் கடக்கும்போது கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.”

சத்தியமாக, முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மலர் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

“கடைசிப் பாடம்கா. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்துது. இன்னிக்கிக் கடை தொறக்கறதுக்குள்ள முடிக்கணும். இல்லைன்னா பேர் செவப்புல வந்துடும்.”

சிவப்பில் வந்தால்?

“இன்சார்ஜ் போஸ்ட் கெடைக்காது.”

கடை வரை கூடவே நடந்தேன். நடக்க நடக்க விஷயம் தெரிந்தது. மிக்ஸி, கிரைண்டர் பகுதிக்கு ஒரு இன்சார்ஜ் போடப் போகிறார்கள். இன்சார்ஜுக்கு ஒரு மேசை, ஒரு ஸ்டூல். மலருக்கு வேண்டியது அந்த ஸ்டூல்தான். காலையிலிருந்து இரவு வரை நின்று நின்று கால் வீங்கிப்போகிறது. முறையாகப் பார்த்தால் வேலை மலருக்குத்தான் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை — போனில் கம்பெனி ஆப் போட்டு, ‘பணியாளர் பாதுகாப்பு’ என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். வீடியோ ஓடும்போது அடிக்கடி ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு பட்டன் வரும். உடனே அமுக்க வேண்டும். அமுக்காவிட்டாலும், நடுவில் கட்டானாலும், மறுபடி முதல் பாடத்திலிருந்து!

“வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“வூட்டுல எங்கக்கா உக்கார்றது? பாத்திரம் தேய்ச்சிகினு இருக்கும்போது கரெக்டா பட்டன் வரும். ஈரக் கையால அமுக்குனா எடுக்காது. கைய தொடைச்சிகினு வர்றதுக்குள்ள கட்டாயிடும். ஒரே பேஜாரா கீது.”

“ரயிலில்?”

“லேடீஸ்ல நிக்கவே எடமில்ல. தாம்பரம் வந்தா கும்பல் இன்னும் ஏறும். ஒரு கையில கம்பி, ஒரு கையில போனு.”

“சரி, கடையிலேயே பார்க்க வேண்டியதுதானே?”

இதற்குத்தான் அன்றைக்கு மலர் முதல்முறையாகச் சிரித்தார். “கடையில போன் ஏதுக்கா? வாசல்லயே டப்பாவுல போட்டுப் பூட்டிடுவாங்க. வூட்டுக்குப் போறப்பதான் திருப்பித் தருவாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயிற்சி போனில். போனோ பூட்டில். கையைக் கட்டிப் போட்டுவிட்டு, “சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்று உபசாரம் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

குறுக்கே இழுத்து மலரின் பாடத்தைக் கெடுத்தவள் நான். எனவே சாட்சி சொல்ல நானே உள்ளே போனேன். எச்.ஆர். தம்பி ரொம்ப மரியாதையான பிள்ளை. தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

“ஐ அண்டர்ஸ்டாண்ட் மேடம். பட் சிஸ்டம் அப்படி. டிஜிட்டல் லேர்னிங்கோட பெனிஃபிட்டே அதுதான் மேடம். ஸ்டாஃப் எனி டைம், எனிவேர் கத்துக்கலாம்.”

“அப்போ இங்கேயே கத்துக்கலாமா?”

“இங்க போன் நாட் அலவ்ட் மேடம்.”

“இந்த ஒரு தடவை, இப்பவே முடிச்சிடட்டுமே?”

“இப்ப டியூட்டி டைம் ஆயிடுச்சே மேடம்!”

புரிகிறதா? எங்கே வேண்டுமானாலும் — இங்கே தவிர. எப்போது வேண்டுமானாலும் — இப்போது தவிர. ‘எனி டைம்’ என்ற பெயரை நம்பி, ‘பணம் இல்லை’ என்று அட்டை தொங்கும் ஏ.டி.எம். வாசலில் எத்தனை முறை நின்றிருக்கிறோம்? இருந்தும் நமக்குப் புத்தி வரவில்லை.

தம்பியின் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்க டிவி. விற்பனைக்கு வைத்தவை. எல்லாவற்றிலும் ஒரே நீல மீன், ஒரே திசையில் நீந்திக்கொண்டிருந்தது. பார்க்க ஒரு வாடிக்கையாளரும் இல்லை. கடைப் பிள்ளைகள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“தம்பி, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, அந்த மீனை நிறுத்திட்டு உங்க பாடத்தை அதுல போட்டா, எல்லாரும் ஒண்ணாப் பார்க்கலாமே?”

அவர் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: “அது டிஸ்ப்ளே மேடம்.”

வாசல் வரை வந்து வழியனுப்பியபோது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். “எனக்கும் ரெண்டு மாட்யூல் பெண்டிங் மேடம். பைக்ல வரும்போது இயர்போன்ல ஓட விட்டுடுவேன்.” பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவரைத் திட்டி என்ன பயன்?

உடனே “இந்த அம்மா பழைய பஞ்சாங்கம், டிஜிட்டல் என்றாலே ஆகாது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செம்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, போனில் தமிழ் டைப் அடிப்பதையே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். நிறுத்தி, திருப்பி, மறுபடி போட்டு... எத்தனை முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளவில்லை. வீட்டில் கேட்டிருந்தால் முதல் முறையே சலித்துக்கொண்டிருப்பார்கள்!

மலரும் வழியில் அதையேதான் சொல்லியிருந்தார். முன்பெல்லாம் கடை மாடியில் சேர் போட்டு, ஒரு சார் வந்து வகுப்பு எடுப்பாராம். சம்பளத்தோடு, வேலை நேரத்தில். டீ, சமோசா உண்டு. “ஆனா புரியலைன்னு ரெண்டாவது வாட்டி கேட்டா மூஞ்சைக் காட்டுவாருக்கா. வீடியோன்னா திருப்பிப் போட்டுக்கலாம். புது கிரைண்டர் வந்தப்ப அப்படித்தான் கத்துகினேன். நல்லாத்தான் இருந்துது.”

ஆக, வீடியோ நல்ல விஷயம். யார் இல்லை என்றது? கெட்டது எது தெரியுமா? சாரை நிறுத்தினார்கள், சரி. சேரை ஏன் எடுத்தார்கள்? அந்த நேரத்தை ஏன் எடுத்தார்கள்? கம்பெனி தன் கணக்கில் கொடுத்துவந்த வகுப்பு நேரத்தை மலரின் ரயிலிலிருந்தும், சிங்க்கிலிருந்தும், ரோட்டிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு, அதற்கு ‘வசதி’ என்று பெயர் வைப்பது அக்கிரமம் இல்லையா? அதுவும் பாதுகாப்புப் பாடத்துக்கு! ஒரு பெண் பஸ்ஸில் அடிபட இருந்தார் சார், பஸ்ஸில் எப்படி அடிபடாமல் இருப்பது என்று கற்றுக்கொள்ளப் போய்!

இந்த வாரம், மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கும் சாக்கில் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். மேசை வந்திருந்தது. ஸ்டூலும் வந்திருந்தது. அதில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி.

“தேவியக்காவுக்குக் குடுத்துட்டாங்க. அவங்க ஃபுல்லா முடிச்சிட்டாங்க இல்ல...”

“அவங்களுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைச்சுது?”

மலர் குரலைத் தாழ்த்தினார். “போனை வூட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டாங்கக்கா. கூடுவாஞ்சேரில ஆட்டோ ஓட்டறாரு. சவாரி வர்ற வரைக்கும் ஸ்டாண்டுல சும்மாதான உக்காந்துகினு கீறாரு? அவரே பட்டன் அமுக்கி, கேள்விக்கெல்லாம் பதில் போட்டுட்டாரு. ஃபுல் மார்க்!”

சொன்ன குரலில் கோபமே இல்லை. கோபம் எனக்குத்தான் வந்தது.

“சரி, அன்னைக்கு நான் இழுத்ததுல போச்சே, கடைசிப் பாடம்... அது என்ன பாடம்?”

“கடையில தீப்பிடிச்சா எந்தப் பக்கமா வெளிய போவணும்னு காட்டுவாங்களாம். நான்தான் பாக்கவே இல்லையே.”

ஸ்டூலில் இருந்த தேவியைப் பார்த்தேன். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு, பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

எனவே அன்பர்களே, அந்தக் கடையில் நீங்கள் மிக்ஸி பார்த்துக்கொண்டிருக்கும்போது தீப்பிடித்தால் பதற வேண்டாம். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நன்றாகப் படித்து, முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் இருக்கவே இருக்கிறார் — கூடுவாஞ்சேரி ஆட்டோ ஸ்டாண்டில்.