காப்புக் கட்டாத கை

ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டபடி தீ மிதிக்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கே அது ஏமாற்று வேலையாகப் படும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்க ஆபீஸ் ரைட்டர். யார் வேலைக்கு வந்தான், யாருக்கு லீவு என்பதெல்லாம் என் பேனாவில்தான் ஓடியது. சுற்றுக் கிராமங்களில் கன்னடமும் தெலுங்கும். நடுவில் வட ஆர்க்காட்டிலிருந்து வந்த நாங்கள் தண்ணீரில்லாத தீவில் குடியேறியவர்கள் மாதிரி கிடந்தோம். எங்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகையில் சின்ன வாசகசாலை இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. படிக்காதவர்களுக்கும் அது உபயோகப்படட்டும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓரமாக ஒரு மேசை, அதன்மேல் ஒரு நோட்டு. எந்த ஊரில் எந்தச் சாமிக்கு எப்போது திருவிழா, கல்யாணத்துக்கு என்ன முறை, சாவுக்கு என்ன முறை என்று எல்லாம் அதில் இருக்கும். சின்ன வயதிலேயே ஊரை விட்டு வந்தவர்கள் கேட்டால் சொல்லலாம். ‘ஊர் விசாரணை மேசை’ என்று பலகை எழுதி மாட்டினேன்.

நானோ மிஷன் பள்ளியில் படித்த சர்ச்சுக்காரன். திருவிழாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது தூரத்து மேளச் சத்தம் மட்டும்தான். எழுதத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

திறப்பு நாளில் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை வந்து நின்றார். மேசைக்கு முதல் ஆளாக, ஷாஃப்ட் குழிக்குள் பாறை துளைக்கும் ஒருவன் வந்தான். ஆரணிப் பக்கத்துக்காரன், கைக்குழந்தையிலேயே ஊரை விட்டு வந்தவன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, மூன்றாவது பிள்ளை பிழைத்தால் தன் ஊர் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்திருந்தது. தீமிதி எப்போது என்று கேட்டான். நான் விசாரித்து எழுதியதற்கு அந்த ஊரிலிருந்து வந்திருந்த தபால் கார்டு என்னிடம் இருந்தது; மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்றேன். அதுவரை சரி.

காப்பு எப்போது கட்டுவார்கள் என்று அடுத்ததாகக் கேட்டான். கார்டில் அது இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. துரை பார்த்துக்கொண்டிருக்கிறார், பலகையில் பெயிண்டு கூடக் காயவில்லை. எங்கள் ஷாஃப்டில் ஆட்களை ஏற்றிய கூண்டு இறங்கும் முன்பு வாசலிலேயே ஆளுக்கொரு டோக்கன் கொடுப்பார்கள். காப்பும் அப்படித்தான் இருக்கும் என்று என் புத்திக்குத் தோன்றியது. தீக்குண்டத்தில் இறங்குமுன் அங்கேயே கட்டிவிடுவார்கள், சனிக்கிழமை ரயிலேறினால் போதும் என்றேன். மூன்று நாள் லீவும் நானே எழுதினேன்.

கொட்டகையைப் பெருக்கும் அக்காளும் ஆரணிப் பக்கம்தான். “ரைட்டரய்யா, காப்பு வந்து...” என்று வாயெடுத்தாள். துரை முன்னால் பெருக்குகிறவள் எனக்குச் சொல்லித்தருவதா? அவளைப் பார்க்காமலே கையைக் காட்டி அடக்கினேன். எழுத்தில் இருப்பதற்கு மேல் தனக்கென்ன தெரியும் என்று முணுமுணுத்துவிட்டு அவள் வெளியே போனாள். ஊருக்கு ஊர் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மேசை போட்டவன் நான். பக்கத்தில் நின்றவளைக் கேட்க எனக்கு வெட்கம்.

அவன், பெண்சாதி பிள்ளையோடு ஊருக்குப் போய், செவ்வாய்க்கிழமை திரும்பினான். நடந்ததை அக்காள்தான் வந்து சொன்னாள். மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றவனை, கையில் காப்பு இல்லை என்று வெளியே இழுத்துவிட்டார்களாம். பெண்சாதி ரயிலில் வழிநெடுக அழுதாளாம். அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. சாமி குத்தம் என்று கூலி லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் நாலு நாள் சோறு இறங்கவில்லை. அந்த அம்மனிடமே மனதுக்குள் கெஞ்சினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவன் மேசைக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று எழுந்து நின்றேன். அவன் நோட்டைக் காட்டினான்.

“பத்து நாளுக்கு முன்னாடியே காப்புக் கட்டினு, கோயில்லயே விரதம் இருக்கணுமாம் ரைட்டரய்யா. அத்த இதுல எழுதிடுங்க. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேப்பான்.”

எழுதினேன். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன். அவன் முடிக்க விடவில்லை.

“உங்க மேல இன்னா தப்பு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருப்பீங்க. உங்களுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து பெருக்கினாள்.