அப்பாவின் தப்புத் தாள்கள்

எண்பதுகளில் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். தண்ணீர்ப் பஞ்சம். தெருமுனைக் கைபம்பை அடித்து அடித்து அம்மாவுக்கு முதுகு விட்டுப்போகும். இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று வீட்டில் இரண்டு பேர் கிளம்பினார்கள். குடத்தைத் தூக்கத்தான் ஒருவரும் கிளம்பவில்லை.

தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் போடுகிற அப்பா, பாதி பலத்தில் அடிக்கக்கூடிய பம்பு ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஓவியக் கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த சித்தப்பா, அதே பம்பையும் அதை அடிக்கிற பெண்களையும் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே மேசை. சோறு ஆறுவது தெரியாமல் இருவரும் வெற்றுத்தாளை முறைப்பார்கள். கோடு போடுவார்கள், அழிப்பார்கள். ரெண்டும் ஒரே கிறுக்கு என்பாள் அம்மா. சித்தப்பாவின் படத்தில் பம்பும் இல்லை, பெண்களும் இல்லை. வளைந்து வளைந்து கோடுகள்தான்.

"இதுல பம்பு எங்கடா கீது?" என்பார் அப்பா.

"அடிக்கிறவங்க முதுகுல கீதுணா" என்பார் சித்தப்பா.

அப்பா தப்பாகப் போட்ட தாள்கள் எனக்கு. பள்ளி திறந்ததும் அவற்றில்தான் நோட்டுக்கு அட்டை போடுவேன். அந்த ஜூனில் மேசைமேல் கிடந்த பெரிய தாளில் ஒரே கோடும் வளைவும். அப்பாவுக்குக் கணக்கு உதைத்துவிட்டது என்று நினைத்து, நாலாக வெட்டி, அறிவியல் நோட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

அது சித்தப்பா எட்டு மாதம் போட்ட படம். மறுநாள் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டியது.

அதுவரை என்மேல் கை வைக்காத அப்பா அன்று அடித்தார். சித்தப்பாதான் தடுத்தார். "உடுணா. பாப்பாக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிகீது."

அப்பா அட்டைகளைப் பிரித்து ஒட்டிப் பார்த்தார். பசை பட்ட இடமெல்லாம் கிழிந்தது. "திரும்பப் போட்டுடலாம்டா" என்றார்.

"கணக்குன்னா போடலாம். இது எப்டி வந்துச்சின்னே எனக்குத் தெரியாதுணா."

"எனக்கும் அப்டித்தான்டா வருது" என்றார் அப்பா, மெதுவாக.

ஒரே வாரத்தில் சித்தப்பா அம்பத்தூரில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். பிறகு அவர் பென்சிலைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அவர் வேலைக்குப் போன அன்று சாயந்திரம், அப்பா தன் பம்புத் தாள்களையெல்லாம், சரியாக வந்தவற்றையும் சேர்த்து, என்னிடம் கொடுத்து அட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். அடித்ததற்குச் சமாதானம் பண்ணுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். வருஷம் முழுக்கத் தாள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.