அசையாத பூஜ்ஜியம்

"தம்பி, தொட்டிக்குள்ள யாராவது இறங்கிட்டாங்களா?"

"ஒருத்தர் ஏணியில பாதி இறங்கிட்டாருக்கா. ஏன்?"

"கருவி என்ன காட்டுது?"

"பூஜ்ஜியம். கயித்துல கட்டி அடிவரைக்கும் விட்டுப் பார்த்து, இப்பத்தான் மேல எடுத்தேன். நீ மாட்டின சிப்பாச்சே, பொய்யா சொல்லும்?"

"அதோட வலை மேல வாயை வச்சு ஊது."

"இதென்ன சூடான டீயா, ஊதுறதுக்கு?"

"ஊதுடா!"

போனில் புஸ்ஸென்று சத்தம் கேட்டது.

"எண் நகர்ந்துச்சா?"

"இல்லையே. அப்படியே நிக்குது."

"அவரை மேல ஏறச் சொல்லு. இப்பவே!"

மறுமுனையில் மாமா, பெரியம்மாவின் தம்பி, போனைத் துண்டிக்காமல் எங்கோ வைத்துவிட்டு ஓடினார். இரும்பில் யாரோ தட்டும் ஓசையும் அவருடைய கத்தலும் கேட்டன. பெரியம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

எங்கள் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக, விஷவாயுவைக் காட்டும் கருவிகளுக்குக் கண்ணாடி சிப் மாட்டுவது அவர்தான். நான் சோதனை அறிக்கை எழுதச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிப் என்றால் கட்டைவிரல் நகமளவு கண்ணாடி. அதன் ஒரு முகத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம்; வெளிச்சம் அதற்குள்ளேயே ஊர்ந்து போகும். உள்ளே நுழைய, சீப்புப் பற்கள் மாதிரி நுண்ணிய கோடுகள் உண்டு. ஒரே ஒரு சாய்வில் விழுந்தால்தான் லேசர் நுழையும். படலத்தின் மேல் ஏதாவது ஆவி படிந்தால் அந்தச் சாய்வு இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. மூச்சின் ஈரமே போதும். அதனால் பெரியம்மா மாட்டிய ஒவ்வொன்றையும் ஒருமுறை ஊதிப் பார்த்துத்தான் அனுப்புவார். "ஊதல் அக்கா பக்கத்துல உட்காராதீங்க, டீ ஆறிடும்" என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அந்த வாரம் அவருக்குக் கடும் சளி. மாஸ்க்கைக் கழற்றவில்லை, ஊதவுமில்லை. படலம் எந்த முகத்தில் இருக்கிறது என்பதற்கு வெட்டிய மூலைதான் அடையாளம். அதை வலப்பக்கம் வைத்தால் படலம் மேலே இருக்கும். அந்த வாரம் புதிதாக வந்த பெட்டியிலிருந்த சிப்புகளில் மூலையை மாற்றி வெட்டியிருந்தார்கள். கவிழ்ந்து கிடந்தாலும் வெளிச்சம் ஏறக்குறைய அதே சாய்வில் நுழைந்துவிடும். கருவிக்குச் சந்தேகமே வராது. படலமோ உள்பக்கம் ஒளிந்திருக்க, வெறும் கண்ணாடிதான் தொட்டியைப் பார்த்திருக்கும்.

அன்று மதியம் சளி குறைந்து, அதே பெட்டியிலிருந்து இன்னொரு சிப்பை மாட்டி ஊதினார். எண் நகரவில்லை. புரட்டிப் போட்டு ஊதினார். நகர்ந்தது. உடனே போனை எடுத்தார். முதலில் மாட்டிய சிப் மாமாவின் தொழிற்சாலைக்குப் போய் இரண்டு நாளாகியிருந்தது.

"அக்கா, இருக்கியா?" மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "ஏறிட்டாரு. தலை சுத்துதாம். காத்தோட்டமா உட்கார வச்சிருக்கோம், டாக்டர் வந்துக்கிட்டிருக்காரு."

"பேசுறாரா?"

"பேசுறாரு. என்னைத்தான் திட்டுறாரு."

பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் மேலாளர் என்னிடம் வந்தார். "கண்ணாடி வெட்டினவங்க தப்புன்னு எழுதிடும்மா, உண்மையும் அதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அப்படியே தட்டச்சு செய்தேன். பெரியம்மா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"அது இருக்கட்டும். அதுக்குக் கீழ இன்னொரு வரி போடு. ஊதிப் பார்க்காம அனுப்பினது நான்னு போடு. மேனேஜர் அந்த வரியை அடிச்சு எடுத்தாருன்னா, திரும்பவும் போடு."