விபத்தில்லாத தொண்ணூற்றெட்டாம் நாள்

செல்வி, முருகா, இதைத் தெருப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்கு வந்த அப்பாவுக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது, கம்பெனி கேட்டில் புதிதாகத் தொங்கவிட்டிருந்த கரும்பலகைதான். ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். பக்கத்தில் வாட்ச்மேன் தினமும் காலையில் சாக்பீஸால் ஓர் எண் போடுவார். நம் ஊர்த் தீப்பெட்டி ஆபீசில் நான் குச்சிகளை மருந்தில் முக்கிக்கொண்டிருந்தபோது, யார் கை வெந்தது என்று யார் எண்ணினார்கள்? வெந்த இடத்தில் பேனா மையைத் தடவிக்கொண்டு அடுத்த குச்சிச் சட்டத்தை எடுப்போம், அவ்வளவுதான். இங்கே படாத அடிக்கும் கணக்கு இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன். நூறு நாள் ஆனால் ஷெட் முழுக்கப் பிரியாணி என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அடுத்த மிஷினில் நிற்கும் கன்னியப்பன் வல்லம் பக்கத்துக்காரன். ஷிப்ட் முடிந்ததும் வயலுக்கு ஓடுகிறவன். தொண்ணூறாம் நாளே மூக்கை உயர்த்தி, “வாசன வர்ற மாதிரி கீதுபா” என்றான்.

தொண்ணூற்றெட்டாம் நாள், தகடு வெட்டும் பவர் பிரஸ் என் இடதுகை நடுவிரலைக் கடித்தது. முன்னால் இருக்கவேண்டிய கம்பி வலையை, வேலை மெதுவாகிறது என்று எப்போதோ கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் நாற்பது பேரும் கூடிவிட்டார்கள். எல்லார் முகத்திலும் கவலை. பாதி என் விரலுக்கு, பாதி பிரியாணிக்கு. நம் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியுமே. விசேஷ வீட்டில் கால் இடறி விழுந்தாலும் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் நானே சொன்னேன்: “லேசாத்தான் சார். ரூம் கதவுல நசுங்கிட்டுன்னு சொல்லிக்கிடுதேன்.” சூப்பர்வைசர் முகம் மலர்ந்துவிட்டது. “தங்கமான மனுஷன்யா நீ” என்று கன்னியப்பனோடு சைக்கிளில் சுங்குவார்சத்திரம் கிளினிக்குக்கு அனுப்பினார்.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். “ரூம் கதவுல நசுங்கிட்டு” என்றேன்.

“எந்தக் கதவு?” என்றான் கன்னியப்பன். “உன் ரூமுக்கு ஏதுபா கதவு? கோணிதானே தொங்குது!”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “கோணி நசுக்கி எலும்பு உடையறதை இப்பதான்யா பார்க்கிறேன்.” மூன்று வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்று மாவுக்கட்டுப் போட்டார்.

வெளியே வந்ததும் கன்னியப்பன் பிடித்துக்கொண்டான். “வூட்ல அடிபட்டவனுக்குக் கம்பெனி இன்னாத்துக்கு லீவு குடுக்கும்? நீ திரும்பி வரச்சொல்ல உன் மிஷின்ல வேற ஆளு நிப்பான். ஆக்சிடென்ட் புக்குல எழுதச் சொல்லு. வேலைல பட்ட அடிய எழுதச் சொல்லிக் கேக்கறது உன் உரிமபா. சட்டம் கீது.”

“அப்போ பிரியாணி?”

கொஞ்ச நேரம் சைக்கிள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். “அத்த நெனச்சி நீ அழுவாத. நானே அழுதுகினு கீறேன்.”

கம்பெனிக்குத் திரும்பிக் கேட்டதும், சூப்பர்வைசர் அந்த ஆக்சிடென்ட் புத்தகத்தைச் சாமி படத்துக்கு அடியிலிருந்து எடுத்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அட்டையில் காய்ந்திருந்தன. உள்ளே முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குப்பிறகு ஓர் எழுத்துக்கூட இல்லை. “நாலு வருஷமா சுத்தமா வெச்சிருக்கேன்யா” என்றார், நான் அதில் காபியைக் கொட்ட வந்தவன்போல. விட்டுவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். அப்போது உங்கள் நினைப்பு வந்தது. எழுதாமல் விட்டு வேலை போனால் எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன்?

“சார், அடி பிரஸ்லதான் பட்டுச்சு. வலை இல்லாம இருந்துச்சு. அப்படியே எழுதுங்க.”

“பொட்டு வெச்சா புக்கு சாமியாய்டுமா சார்? எழுதுங்க. சாட்சி நான்” என்று கன்னியப்பன் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தான்.

எழுதினார். எழுதியதால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்தது, மூன்று வாரம் கழித்தும் என் மிஷின் எனக்கே இருந்தது. வலையும் மூலையிலிருந்து எழுந்து தன் இடத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகளே, நாளை நீங்கள் எங்கே வேலைக்குப் போனாலும், பட்ட அடியைப் பட்ட இடத்திலேயே எழுதவையுங்கள். அப்பாவைப்போல வெட்கப்பட்டு, இல்லாத கதவின்மேல் பழி போடாதீர்கள்.

பலகை மறுநாளே பூஜ்யத்துக்குப் போயிற்று. ஷெட்டில் பலர் பல நாள் என்னோடு பேசவில்லை. இப்போது எண் மறுபடி ஏறுகிறது. கன்னியப்பன் தினமும் கேட்டில் நின்று வாசிக்கிறான்: “இன்னிக்கி உன் வயசு நாப்பத்தோரு நாளுபா. அடிபட்ட அன்னிக்கித்தான் இந்த ஊர்ல நீ பொறந்தே.” நூறாம் நாள் தீபாவளியை ஒட்டி வருகிறதாம். “நீ ஊருக்குப் பூடுவே. உன் பங்கு எனுக்கு” என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டான்.

அப்பா வருகிற நாளை எண்ணிக் காலண்டர் தாளைக் கிழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே தாள் குறைகிறது, இங்கே எண் கூடுகிறது. காலையில் பலகையைப் பார்க்கும்போது, அங்கே நீங்கள் ஒரு தாளைக் கிழிக்கும் சத்தமும் எனக்குக் கேட்கிறது.